பறவைத் தீனியை அணில்களிடமிருந்து காப்பது எப்படி? பினாங்குத் தரைவீட்டாருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டுத் தோட்டத்தில் சிட்டுக்குருவிக்கும் சில்லைக்கும் என்று வைத்த தினையைக் காலை பத்து மணிக்குள் அணில் காலி செய்துவிடுகிறது என்பது பினாங்கில் தீனிக்கலன் தொங்கவிட்ட ஏறக்குறைய எல்லாருடைய புலம்பலும் ஆகும். உடனே நாம் செய்வது, இணையக் கடையில் ‘அணில் தொடாத கலன்’ என்று விளம்பரம் செய்யப்படும் ஒன்றை வாங்குவது. அது சில நாள் தாங்கும். பிறகு அதையும் அணில் திறந்துவிடும். இந்தச் சுற்றில் பணமும் பொறுமையும் செலவழித்த பிறகு நான் வந்து சேர்ந்த வரிசை இதற்கு நேர் எதிரானது: முதலில் இடம், அடுத்துத் தூண், அதற்கடுத்து அணில் ஏறாதபடி தூணில் மாட்டும் தடுப்பு, கடைசியில்தான் கலன். இடம் தவறினால் எந்தக் கலனும் நிற்காது. இடமும் தூணும் சரியாக அமைந்தால் மிக மலிவான கலனே போதும்.

இக்கட்டுரை தரைவீட்டில், குறிப்பாகத் தாமான்களின் வரிசை வீடுகளில், புதிதாகப் பறவைத் தீனி வைக்க விரும்புவோருக்காக எழுதப்பட்டது. அணிலைக் கொல்வதோ பிடித்துச் செல்வதோ இதன் நோக்கம் அல்ல.

1. வருவது யார் என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்

கலனைக் காலி செய்வது எப்போதும் அணிலாக இருப்பதில்லை. எதையும் வாங்குவதற்கு முன், ஒரு வார இறுதியில் காலை ஏழரை முதல் பத்து மணி வரையிலும், மாலை நான்கரை முதல் ஆறரை வரையிலும் சன்னலுக்குப் பின்னால் அமர்ந்து கவனியுங்கள். அணில் பெரும்பாலும் இந்த இரண்டு பொழுதுகளில்தான் சுறுசுறுப்பாக இரை தேடும்.

நம் ஊர்த் தோட்டங்களுக்கு வரும் அணில், தமிழகத்தில் பார்க்கும் முதுகில் மூன்று கோடுள்ள சிறிய அணில் அன்று. முதுகு பழுப்பாகவும் வயிறு செங்காவி நிறமாகவும், இரண்டுக்கும் நடுவே விலாவில் வெள்ளையும் கறுப்புமான ஒரு பட்டையோடும் இருக்கும். உடல் ஏறத்தாழ 20 செ.மீ., வாலும் கிட்டத்தட்ட அதே நீளம், எடை 150 முதல் 280 கிராம் வரை. இந்த எடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கலன் வாங்கும்போது இதுதான் கணக்குக்கு வரும். மூக்கு கூர்ந்து நீண்டிருந்தால் அது அணிலே அன்று, மரமூஞ்சூறு. அது பெரும்பாலும் தரையில் சிந்திய பழத்துண்டுகளுக்காகவே வரும் என்பதால், சிந்தாமல் பார்த்துக்கொண்டாலே போதும். காலையில் எழுந்து பார்க்கும்போதே கலன் காலியாக இருந்தால் வந்தது எலியோ மரநாயோதான். அணில் இரவில் நடமாடுவதில்லை.

அணில் எந்த வழியாக வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மதில் மேலா, அண்டை வீட்டு மாமரக் கிளையிலிருந்தா, தொலைபேசிக் கம்பியிலிருந்தா, சமையலறைக்கு மேல் போட்ட தகரக் கூரையிலிருந்தா? கைத்தொலைபேசியில் இரண்டு மூன்று படங்கள் எடுத்து வைத்தால் இடம் அளக்கும்போது உதவும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உங்கள் வீடு ஆயர் ஈத்தாம், தஞ்சோங் பூங்கா, தெலுக் பஹாங், தாவரவியல் பூங்காவை ஒட்டிய பகுதி ஆகியவற்றில் இருந்து, குரங்குகள் கூரை மேல் நடமாடுவதை நீங்கள் பார்த்திருந்தால், இந்த முயற்சியைத் தொடங்கவே வேண்டாம். கீழே சொல்லப்படும் எந்தத் தடுப்பும் குரங்கை நிறுத்தாது. தீனி இருக்கும் வீடு என்று அவை கண்டுகொண்டால் உங்கள் சமையலறைக்கும் அண்டை வீட்டாருக்கும் சேர்த்துத் துன்பம் வரும். அத்தகைய வீட்டில் செம்பருத்தியும் இட்லிப்பூச் செடியும் வைத்தால் தேன்சிட்டுகள் தாமாகவே வரும்.

2. அனுமதியும் ஆவணங்களும்

தனிப்பட்டாவுள்ள தரைவீட்டில், உங்கள் வேலிக்குள் ஒரு தூணை நட்டுக் கலன் மாட்டுவதற்கு யாரிடமும் எழுதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் வேலிக்குள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பின்னாலுள்ள சந்தும் முன்னாலுள்ள சாலையோரப் புல்தரையும் மாநகர் மன்றத்தின் பொறுப்பில் இருப்பவை. அங்கே தூண் நடுவதும் தீனி இறைப்பதும் கூடாது. மின்கம்பத்திலோ தொலைபேசிக் கம்பத்திலோ எதையும் கட்டவும் கூடாது.

வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். குறுஞ்செய்தியில் வந்த சம்மதத்தைப் படமெடுத்து, வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்து வைத்தால்கூடப் போதும். வீட்டை விடும்போது முன்பணத்தில் பிடித்தம் செய்யப்படும் காரணங்களில் தரையில் போட்ட ஓட்டையும் ஒன்று.

வேலியிட்ட அடுக்குப்பட்டா (ஸ்ட்ராட்டா) குடியிருப்பிலோ அடுக்குமாடியின் தரைத்தளத்திலோ நீங்கள் இருந்தால் நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். 2013ஆம் ஆண்டின் அடுக்குப்பட்டா நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிமுறைகளில் அடங்கிய துணைவிதிகள், பொதுச்சொத்தைப் பயன்படுத்துவதையும் பிறருக்குத் தொல்லை தரும் செயல்களையும் கட்டுப்படுத்துகின்றன. மீறினால் 200 ரிங்கிட் வரை அபராதம் விதிக்க நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு. விண்ணப்பத்துடன் வைக்க வேண்டியவை இவை: ஒரு பக்கக் கடிதம், தூண் நிற்கும் இடத்தின் நிழற்படம், மதிலிலிருந்தும் அண்டை வீட்டிலிருந்தும் எத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறது என்று காட்டும் கையால் வரைந்த படம், இரவில் தீனியை எடுத்துவிடுவீர்கள், கீழே சிந்தியதை நாள்தோறும் கூட்டுவீர்கள் என்ற உறுதிமொழி. இந்தக் கடைசி வரிதான் பெரும்பாலும் அனுமதியைப் பெற்றுத் தரும், ஏனெனில் நிர்வாகத்தின் அச்சம் பறவையைப் பற்றியதன்று. எலியையும் புறாவையும் பற்றியது. கடிதத்தை இரண்டு படிகளாகக் கொண்டுபோய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் இட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நிர்வாகக் குழு மாதம் ஒருமுறை கூடும் இடங்களில் பதில் வர நான்கு வாரம்கூட ஆகலாம். அதுவரை எதையும் வாங்காதீர்கள்.

மரம் பற்றியும் ஒரு சொல். அணில் வரும் கிளையைக் கழிப்பது வேறு, மரத்தையே வெட்டுவது வேறு. உங்கள் நிலத்தில் நின்றாலும், சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை வீழ்த்துவதற்கு 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி ஊராட்சி மன்றத்தின் எழுத்துமூல அனுமதி தேவைப்படும். சுற்றளவைத் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். அண்டை வீட்டு மரக்கிளை உங்கள் பக்கம் நீண்டிருந்தால் முதலில் போய்ப் பேசுங்கள். மாம்பழக் காலத்துக்கு முன்னே போய்க் கேட்பதைவிடப் பழம் பறித்த பின் கேட்பது நல்லது.

3. இடத்தை அளந்து தேர்ந்தெடுத்தல்

இந்தப் படியில்தான் வெற்றியும் தோல்வியும் தீர்மானமாகின்றன. எனவே அவசரம் வேண்டாம்.

அமெரிக்கத் தோட்டக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு கணக்கு உண்டு: அணில் தரையிலிருந்து ஐந்தடி மேலே தாவும், பக்கவாட்டில் ஏழடி தாவும், மேலிருந்து கீழே ஒன்பதடி குதிக்கும். இது அரைக்கிலோவை ஒட்டிய எடையுள்ள சாம்பல் நிற அணிலை வைத்துச் சொன்னது. நம் அணில் பெரும்பாலும் அதில் பாதி எடைகூட இல்லாதது. ஆனால் கிளைக்குக் கிளை பாய்வதில் குறைந்ததன்று. ஆகவே அதே கணக்கைக் கொஞ்சம் கூட்டியே வைத்துக்கொள்வது நல்லது: தடுப்பின் அடிவிளிம்பு தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கலனைச் சுற்றி எல்லாத் திசையிலும் 2.5 மீட்டருக்குள் மதில், மரம், சன்னல் கம்பி, துணி காயப்போடும் கொடி, பூந்தொட்டி அடுக்கு என்று எதுவும் இருக்கக் கூடாது. நேர் மேலே 3 மீட்டருக்குள் கிளையோ கூரை விளிம்போ கம்பியோ இருக்கக் கூடாது.

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனவுடன், வரிசையின் நடுவே உள்ள வீட்டுக்காரர்களுக்கு ஓர் உண்மை விளங்கிவிடும். இருபதடி அகல வரிசை வீட்டில் பின்கட்டின் ஆழம் பெரும்பாலும் பத்தடிதான். நட்ட நடுவில் தூணை நிறுத்தினாலும் பின்மதிலுக்கும் சமையலறைச் சுவருக்கும் ஒன்றரை மீட்டர்தான் இடைவெளி. மதில் மேல் வரும் அணிலுக்கு அது ஒரு தாவலே அன்று. எனவே நடுவீட்டின் பின்கட்டில் தூண்முறை வேலை செய்யாது என்று இப்போதே முடிவுசெய்துவிட்டால் பணம் மிஞ்சும். அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. கார் நிறுத்தும் இடத்துக்கு அப்பால் முன்பக்கத்தில் திறந்த வெளி இருந்தால் அங்கே அளந்து பார்க்கலாம். அதுவும் இல்லையென்றால் தூணை மறந்துவிட்டு, ஐந்தாம் படியில் சொல்லப்படும் கம்பிக்கூண்டுக் கலனுக்கு நேராகப் போகலாம். மூலைவீட்டுக்காரர்களுக்கும் இரட்டை வீட்டுக்காரர்களுக்கும் பக்கவாட்டு நிலம் இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

இரண்டு கம்பங்களுக்கு இடையே மெல்லிய எஃகுக் கம்பியை இழுத்துக் கட்டி, அதில் உருளும்படி நீர்க்குழாய்த் துண்டுகளைக் கோத்து, நடுவில் கலனைத் தொங்கவிடும் முறையும் உண்டு. குழாய் உருளும்போது அணில் வழுக்கி விழும். பார்ப்பதற்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் பக்கவாட்டு இடைவெளி விதி இதற்கும் பொருந்தும் என்பதால் சிறிய பின்கட்டில் இதனாலும் பயன் இல்லை.

அளக்கும்போது இன்னும் இரண்டைச் சேர்த்துப் பாருங்கள். முதலாவது, கண்ணாடி. பெரிய நழுவுகதவுக் கண்ணாடியில் வானமும் மரமும் தெரிவதால் பறவைகள் மோதி இறக்கின்றன. கலன் கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருந்தால் பறவை வேகமெடுக்க இடமிராது, ஒன்பது பத்து மீட்டருக்கு அப்பால் இருந்தால் விலகிப் பறக்க நேரமிருக்கும். இவற்றுக்கு இடைப்பட்ட தூரமே ஆபத்தானது. இடைப்பட்ட தூரத்தைத் தவிர்க்க முடியாதென்றால் கண்ணாடியின் வெளிப்பக்கம் திரையோ நெருக்கமான ஒட்டுப்படமோ இடுங்கள். இரண்டாவது, தெருப்பூனை. பூனை பதுங்கும் அடர்ந்த செடி கலனுக்கு மிக அருகில் இருக்கக் கூடாது. மூன்று மீட்டர் தள்ளி இருந்தால் பறவைக்கு ஒதுங்கிடமாகவும் அதுவே அமையும்.

4. தூணும் தடுப்பும்

மரத்தூண் வேண்டாம், அதில் அணிலுக்கு ஏணி தேவையில்லை. ஓர் அங்குல விட்டமுள்ள, துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயே ஏற்றது. ஹார்ட்வேர் கடைகளில் இருபதடி நீளத்தில் இருக்கும். கேட்ட அளவுக்கு அறுத்துத் தருவார்கள். மண்ணில் நடுவதானால் 3 மீட்டர் வாங்கி, அரை மீட்டரைப் புதைக்கலாம். குழாயை நேராகக் காங்கிரீட்டில் பதிக்காமல், அதைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை உறையாகப் பதித்து, அதற்குள் தூணைச் செருகுங்கள். வீடு மாறும்போது தூணை உருவிக்கொண்டு போகலாம். உறை வாயை மூடிவிட்டால் தரை சமமாகிவிடும்.

பல வீடுகளில் பின்கட்டு முழுவதும் சிமெண்ட் பூசியிருக்கும். அங்கே தரையை உடைக்காமல், இருபது லிட்டர் பெயிண்ட் வாளியில் தூணை நடுவில் நிறுத்திக் காங்கிரீட் ஊற்றினால் நாற்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள அடிப்பகுதி கிடைக்கும். வீட்டுக்கு வெள்ளையடித்தவரிடம் கேட்டால் காலி வாளி இலவசமாகவே கிடைக்கும். மணல், சரளை, சிமெண்ட் என்று தனித்தனியாக வாங்குவதைவிட, தண்ணீர் மட்டும் சேர்க்கும் ஆயத்தக் கலவை மூட்டை இரண்டு வாங்குவது சுலபம். இதில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு: வாளியின் விளிம்பில் அணில் ஏறி நிற்கும். ஆகவே 1.5 மீட்டர் உயரத்தைத் தரையிலிருந்து அளக்காமல் வாளியின் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். அதற்கேற்பத் தூணின் நீளத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். காங்கிரீட் ஊற்றிய பின் இரண்டு நாள் அசைக்காதீர்கள். பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மாலை மழை பெரிதாக இருக்கும். அந்த மாதங்களில் ஊற்றுவதானால் காலையிலேயே முடித்துப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிடுங்கள்.

அடுத்து, தடுப்பு. இதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு.

முதல் வடிவம் குழாய்த் தடுப்பு. ஆறு அங்குல விட்டமுள்ள கழிவுநீர்க் குழாயில் 60 செ.மீ. துண்டும், அதன் ஒரு முனைக்கு மூடியும் வாங்குங்கள். மூடியின் நடுவில் தூண் நுழையுமளவு துளையிட்டு, மூடிய முனை மேலே இருக்கும்படி தூணில் கோத்துவிடுங்கள். தூண் வழியாக ஏறிவரும் அணில் குழாய்க்குள் நுழைந்து மூடியில் முட்டித் திரும்பும். வெளிப்புறத்தைக் கட்டிப்பிடித்து ஏறுவதற்குக் குழாய் மிக அகலமாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். மேல்மூடித் துளையில் விரல் நுழையுமளவு சந்துகூட இருக்கக் கூடாது, இருந்தால் அங்கே பல்லை வைக்கும்.

இரண்டாம் வடிவம் குடைத்தடுப்பு. கடையில் ஆயத்தமாக விற்பது வெளிநாட்டுச் சரக்கு, விலையும் அதிகம். லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் 45 செ.மீ. விட்டமுள்ள எவர்சில்வர் பேசின் ஒன்றை வாங்கி, அடியில் துளையிட்டு, கவிழ்த்து மாட்டினால் அதே வேலையை அது செய்யும். தடித்த பேசினைவிட மெல்லியதே நல்லது, துளையிடுவது எளிது. எவர்சில்வரில் துளையிடச் சாதாரணத் துளைமுனை பயன்படாது. ஹார்ட்வேர் கடைக்காரரிடமே பாத்திரத்தைக் கொடுத்துத் துளைத்து வாங்கிக்கொள்ளலாம்.

எந்த வடிவமானாலும் அதை இறுக்கிப் பிணைக்காதீர்கள். தூணில் இரும்புப் பட்டைக் கிளிப் ஒன்றை முறுக்கி, அதன் மேல் தடுப்பு தளர்வாக உட்கார்ந்து ஆடும்படி விடுங்கள். ஆடுகிற பொருளில் கால் வைக்க அணில் தயங்கும். என் தேர்வைக் கேட்டால் குழாய்த் தடுப்பே சிறந்தது. பேசின் காற்றில் கணகணவென்று ஒலித்து, பக்கத்து வீட்டாருக்குத் தொல்லை தரும்.

தூணில் எண்ணெயோ கிரீஸோ தடவும் ஆலோசனையைப் பலர் சொல்வார்கள். அது பறவையின் இறகில் ஒட்டினால் இறகு நனையாமல் காக்கும் தன்மையை இழந்துவிடும்; கூடவே கூடாது.

5. கலனைத் தேர்ந்தெடுத்தல்

மேற்சொன்னபடி இடமும் தடுப்பும் அமைந்துவிட்டால், இரும்பு மூடியுள்ள சாதாரணக் குழாய்வடிவக் கலன் போதும். பிளாஸ்டிக்கை அணில் கடித்துத் துளையாக்கிவிடும் என்பதால் தீனி வெளிவரும் துளைகளுக்காவது உலோக விளிம்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இடம் போதாதவர்களுக்குக் கம்பிக்கூண்டுக் கலன். உள்ளே தீனிக்குழாயும் அதைச் சுற்றிக் கம்பிக்கூண்டும் இருக்கும். கண்ணியின் அகலம் ஏறத்தாழ 3 செ.மீ. ஆக இருந்தால் சிட்டுக்குருவியும் சில்லையும் நுழையும், வளர்ந்த அணில் நுழையாது. மேலை நாட்டு அணிலுக்காகச் செய்யப்பட்ட கூண்டுகளில் கண்ணி இதைவிடப் பெரிதாக இருக்கும்; நம் அணில் உடல் சிறியது என்பதால் அளவைக் கேட்காமல் வாங்காதீர்கள். கூண்டுக்கும் உட்குழாய்க்கும் இடையே நான்கு விரற்கடையாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் வெளியே தொங்கியபடியே கையை விட்டு எடுத்துக்கொள்ளும். மைனாவும் புறாவும் இதில் உண்ண முடியாது. சிலருக்கு அது குறை. எனக்கு அது நிறை.

மூன்றாவது வகை, எடை பட்டால் துளை மூடிக்கொள்ளும் வில் பொருத்திய கலன். விலை கூடுதலான இந்த வகையில்தான் ஏமாற்றமும் அதிகம். காரணம் எளிய கணக்கு. சிட்டுக்குருவி 25 கிராம் அளவு, சின்னான் 30 கிராமை ஒட்டி, மைனா நூறு கிராமைச் சுற்றி, புள்ளிப்புறா 160 கிராம் வரை, நம் அணில் 150இலிருந்து தொடங்குகிறது. அதாவது பெரிய புறாவும் சிறிய அணிலும் ஒரே எடை. அரைக்கிலோ அணிலை நினைத்து வடிவமைத்த வில், நம் அணிலுக்கு அசையாமல் நிற்கும். எனவே எடையை மாற்றியமைக்கும் திருகு உள்ள கலனை மட்டுமே வாங்குங்கள். அதை நூறு கிராமை ஒட்டி வையுங்கள். புறாவும் காகமும் அணிலோடு சேர்ந்து வெளியே நிற்கும். சோதிக்க, நூறு கிராம் எடையுள்ள சிறு பொட்டலத்தைப் பறவை நிற்கும் மிதியில் தொங்கவிட்டுப் பாருங்கள். துளை மூட வேண்டும். மூடாவிட்டால் ரசீதோடு திருப்பிக் கொடுங்கள். இணையக் கடைகளில் பொருளைத் திருப்புவதற்கான கெடு குறுகியது. வந்த அன்றே சோதியுங்கள்.

6. எந்தத் தீனி?

தினை, கம்பு, குதிரைவாலி ஆகிய சிறுதானியங்களுக்குச் சிட்டுக்குருவியும் சில்லையும் சிறுபுறாவும் வரும்; அணிலுக்கு இவற்றில் ஆர்வம் குறைவு. நிலக்கடலை, சூரியகாந்தி விதை, தேங்காய்ச் சில் ஆகிய மூன்றும் அணிலுக்கு விருந்து. கடைகளில் விற்கும் கலப்புத் தீனியில் சூரியகாந்தி விதை பாதியளவு இருக்கக்கூடும். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். மளிகைக் கடையில் தினையைத் தனியாக வாங்குவது மலிவாகவும் இருக்கும், சிக்கலையும் குறைக்கும்.

நம் தோட்டப் பறவைகளில் பல, பழம் உண்பவை. சின்னானும் மாங்குயிலும் மைனாவும் தானியத்துக்காக வருவதில்லை, பப்பாளிக்கும் வாழைப்பழத்துக்கும் வரும். அணிலும் அதற்கே வரும். இரண்டும் காலையிலேயே வருவதால் நேரத்தை மாற்றியும் தப்ப முடியாது. பழம் வைப்பதானால் தடுப்புக்கு மேலே, அதே தூணில் ஆணி ஒன்றில் குத்தி, காலையில் ஒரு துண்டு மட்டும் வையுங்கள். பகலுக்குள் தீராததை எடுத்துவிடுங்கள். அணிலுக்கென்று தனித்தட்டு வைத்தால் அது பறவைத் தீனியை விட்டுவிடும் என்ற ஆலோசனையை நான் ஏற்கவில்லை. கிடைக்கும் உணவு கூடினால் வரும் அணிலும் கூடும்.

மிளகாய்த்தூள் கலப்பது பற்றி எல்லாரும் கேட்பார்கள். மிளகாயின் காரத்தைப் பாலூட்டிகள் உணரும், பறவைகள் உணர்வதில்லை என்பது உண்மை. ஆனால் நம் மழையில் தூள் கரைந்துபோகும், காற்றில் பறந்து பறவையின் கண்ணிலும் நம் மூக்கிலும் படும். தடுப்பு சரியாக இருக்கும் வீட்டில் இதற்குத் தேவையே வராது.

7. நாள்தோறும், வாரந்தோறும்

அன்றைக்குத் தீரும் அளவு மட்டுமே போடுங்கள். நம் ஈரப்பதத்தில் நனைந்த தானியம் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். அது பறவைக்கு நஞ்சு. மாலை ஏழு மணிக்குக் கலனைக் கழற்றி உள்ளே வைத்து, கீழே சிந்தியதைக் கூட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை, ஒரு பங்கு குளோராக்ஸுக்கு (வெளுப்புத் திரவம்) ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கலனை ஊறவைத்து, நன்றாக அலசி, முழுவதும் காய்ந்த பிறகே நிரப்புங்கள்.

எறும்புத் தொல்லைக்காகத் தூணில் தண்ணீர்க் கிண்ணம் பொருத்துவோர் உண்டு. அதிலும் பறவைகள் குளிக்கும் தட்டிலும் ஏடிஸ் கொசு முட்டையிடும். வீட்டுச் சோதனைக்கு வரும் சுகாதாரத் துறையினர் கொசுப்புழுவைக் கண்டால், 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டத்தின்படி 500 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

எலிமருந்து, ஒட்டுப்பலகை, கண்ணி ஆகியவை வேண்டாம். ஒட்டுப்பலகையில் முதலில் சிக்குவது குருவிதான். எலிமருந்து தின்ற பிராணியைத் தின்னும் ஆந்தையும் பூனையும் சேர்ந்தே சாகும். கண்ணி வைப்பது 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அணில் கூரைக்குள் கூடு கட்டி மின்கம்பியைக் கடிப்பது போன்ற பெரிய சிக்கல் என்றால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் முறையிடுங்கள்.

8. செலவும் காலமும்

நான் கொடுத்த விலைகளைச் சொல்கிறேன். கடைக்குக் கடை மாறும். இரும்புக் குழாய் 40 ரிங்கிட், ஆயத்தக் கலவை இரண்டு மூட்டை 30, ஆறங்குலக் குழாய்த் துண்டும் மூடியும் 45, கிளிப்புகள் 6, சாதாரண உலோகக் கலன் 60. ஆக, இருநூறு ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். வில் பொருத்திய கலன் ஒன்றுமட்டுமே இந்த மொத்தத் தொகையைத் தாண்டக்கூடும். தீனிக்கு மாதம் இருபது ரிங்கிட் அளவு ஆகும்.

அனுமதி தேவையில்லாத வீட்டில் ஒரு வார இறுதியில் வேலை முடியும்: சனிக்கிழமை காலை அளந்து வாங்கி மதியத்துக்குள் ஊற்றிவிட்டால், திங்கட்கிழமை தடுப்பை மாட்டலாம். பறவைகள் புதிய கலனைக் கண்டு பழகச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகும். அதற்குள் கலனை இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் அவை வரவே வராது.

9. அணில் மீண்டும் ஏறிவிட்டால்

தடுப்பு கெட்டுவிட்டது என்று முடிவுசெய்வதற்கு முன் எந்த வழியாக வந்தது என்று கவனியுங்கள். தூண் வழியாக ஏறியிருந்தால் தடுப்பு கீழே நழுவியிருக்கும், கிளிப்பை இறுக்குங்கள். மேலிருந்து குதித்திருந்தால் கிளை வளர்ந்திருக்கும்; மழைக்காலம் முடிந்தவுடன் இடைவெளிகளை மறுபடி அளப்பது வழக்கமாக வேண்டும், ஏனெனில் நம் மண்ணில் மாங்கிளை சில மாதங்களில் ஒரு மீட்டர் நீள்வது புதிதன்று. பக்கவாட்டில் தாவியிருந்தால் அண்மையில் அங்கே எதை வைத்தீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அது துணி காயப்போடும் நிலையாகவோ, சாய்த்து வைத்த ஏணியாகவோ, விருந்தாளிக்காக வெளியே போட்டு எடுக்க மறந்த நாற்காலியாகவோ இருக்கும். இந்த மூன்று வழிகளிலும் வராமல் அணில் கலனில் இருந்தால், அது சிறு குட்டியாகக் கூண்டின் கண்ணிக்குள் நுழைந்திருக்கலாம். அதைத் துரத்தாமல் கூண்டைத் திறந்து வைத்து விலகி நில்லுங்கள், தானே போய்விடும். பிறகு ஒரு மாதத்துக்குப் பழத்தையும் சூரியகாந்தி விதையையும் முற்றாக நிறுத்தித் தினையை மட்டும் போடுங்கள்.